மீதி 22 நிமிஷம்!

இந்த வருஷம் போகிக்கு எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய சாமான்கள்: காது உடைந்த பித்தளை அண்டா ஒன்று, 1998-ம் வருஷத்து தினசரி காலண்டர் (ஏன் வைத்திருந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை), என் பிளஸ் டூ ரெக்கார்டு நோட்டுகள், அப்புறம்... சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பெரிய அட்டைப் பெட்டி.

"என்னங்க, இதுக்குள்ள என்ன அம்மிக்கல்லா இருக்கு? இந்தக் கனம் கனக்குது!" என்றாள் மனைவி, ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு.

கயிற்றை அறுத்தேன். உள்ளே என் பால்யம் மொத்தமும் ஒயர் சுற்றிப் படுத்திருந்தது. எட்டு பிட் வீடியோ கேம் பெட்டிகள் மூன்று. ஸேகா மெகா டிரைவ் ஒன்று. சோனி ப்ளே ஸ்டேஷன் ஒன்று. நுனியில் ஆரஞ்சு பூசிய பிளாஸ்டிக் துப்பாக்கி. சாக்குப் பை நிறையக் கேஸட்டுகள். (விவரம் தெரிந்தவர்கள் 'கார்ட்ரிட்ஜ்' என்பார்கள். எங்கள் செங்கல்பட்டில் அதற்கும் கேஸட் என்றுதான் பெயர்.)

சந்தன நிறத்தில் இருந்த பெட்டிகள் டீக்கறை பிடித்த டம்ளர் மாதிரி பழுத்துப் போயிருந்தன. அழுக்கு என்று நினைத்து சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்து வைப்பார்கள். வருஷக்கணக்கில் வெளிச்சமும் காற்றும் பட்டதில் அது செய்கிற வேலை இது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெயிலில் காயவைத்தால் பழைய நிறம் வருமாம். மனைவி அதற்கு மசியவில்லை.

சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த அப்பா தலையைத் திருப்பாமலே தீர்ப்பு சொன்னார். "எடைக்குப் போட்டுடு. பிளாஸ்டிக் கிலோவுக்கு ஏதாவது தருவான்."

பத்து வருஷம் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்ட பெட்டிகளைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார் மனிதர்.

*

"அவன் வீட்ல அஞ்சு வீடியோ கேம் இருக்குடா!" பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த மரியாதைக்கு இந்த ஒரு வாக்கியம்தான் காரணம். கணக்கில் நாற்பது மார்க் தாண்டாதவனுக்கு முதல் ராங்க்காரன் வந்து கடலை மிட்டாய் வாங்கித் தருவான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஜம் என்னவென்றால், அல்வாக் கடைக்காரர் மகனின் கதைதான் என் கதை. வாசனை முழுக்க வீட்டுக்குள், அல்வா வாடிக்கையாளருக்கு!

அப்பா முதலில் வைத்திருந்தது வீடியோ லைப்ரரி. படக் கேஸட் வாடகை, கல்யாண வீட்டுக்கு டி.வி.-டெக் வாடகை, 'ராத்திரிக்கு மூணு படம்' என்கிற மகோன்னதமான காலம் அது. 1992 வாக்கில் எங்கள் தெருவில் கேபிள் ஒயர் ஓட ஆரம்பித்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி.யும் வந்தது. வீட்டுக்குள்ளேயே சும்மா படம் வரும்போது எவன் காசு கொடுத்துக் கேஸட் வாங்குவான்? நானூற்றுச் சொச்சம் கேஸட்டுகளுக்கு நடுவில் அப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னமும் ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது.

ஒரு சனிக்கிழமை என்னை ரயில் ஏற்றிக் கடற்கரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். எதிரே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் பிழைப்புக்காக 1969-ல் போட்ட கடைகள். தொண்ணூறுகளில் அங்கே கிடைக்காத வெளிநாட்டுச் சாமானே கிடையாது.

"ஜப்பான் பீஸ் சார்! சும்மா கண்ணாடி மாதிரி படம் விழும்."

"எவ்ளோ?"

"ரெண்டாயிரம். உங்களுக்காக ஆயிரத்து எட்டு நூறு."

'உங்களுக்காக' இன்னும் இரண்டு தடவை வந்து, ஆயிரத்து நானூறில் முடிந்தது. அம்மாவின் ஒரு ஜோடி வளையல் அதற்கு முந்தின நாளே அடகுக் கடைக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது.

ஜப்பான் பீஸ் என்று அவர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்று ஒரு பெட்டி விட்டது. மஸாயுகி உயெமுரா என்கிற எஞ்சினீயர் வடிவமைத்தது. சந்தன நிறமும் அரக்கு நிறமுமாக இருக்கும். நாங்கள் வாங்கியது அதற்கு ஒன்றுவிட்ட தம்பிகூட இல்லை. மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கிய ஆசாமி! ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால், ஜப்பான்காரன் பல சிப்களில் செய்த வேலையை நம்மாள் எட்டணா அளவுக்கு ஒரு கரும் பசைப் பொட்டுக்குள் அடக்கி வைத்திருந்தான். போலியாக இருந்தால் என்ன, உழைத்தது. அந்த ஒரிஜினலின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட்!

இன்னொன்றும் கேளுங்கள். 1985-ல் வந்த சூப்பர் மேரியோ ஆட்டம் முழுக்கவும், அதாவது எட்டு உலகம், முப்பத்திரண்டு கட்டம், பாட்டு, பாதாளம், பூதம் எல்லாம் சேர்த்து, 40 கிலோபைட்தான். காலையில் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா வாட்ஸ்-அப்பில் அனுப்புகிற 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ அதைவிட ஜாஸ்தி இடம் பிடிக்கும். எப்படி முடிந்தது? சிக்கனம்! மேரியோ ஓடுகிற வழியில் மேலே ஒரு வெள்ளை மேகம், கீழே ஒரு பச்சைப் புதர் வரும். இரண்டும் ஒரே படம். வர்ணம் மட்டும் வேறு. நடுத்தரக் குடும்பத்தில் அண்ணன் சட்டையைச் சாயம் போட்டுத் தம்பிக்குக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

*

கடை முன்பக்கத்தில் டயனோரா ஒன்று, சாலிடேர் ஒன்று. பின்னால் ஆன்டெனா துளையில் ஒயரைச் சொருகி, குமிழைத் திருகிக்கொண்டே இருந்தால் ஈ மொய்ப்பது மாதிரி புள்ளிகள் மறைந்து திடீரென்று மேரியோ குதிப்பான். தட்டி எழுதி வைத்தார் அப்பா: 'வீடியோ கேம் – ஒரு ஆட்டம் 1 ரூபாய்.'

முதல் வாரம் அமோகம். நமக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் இன்னொரு ரூபாய். புதுசாக வருகிற பையன் ஐந்து நிமிஷத்தில் மூன்று உயிரையும் விட்டுவிடுவான். அப்பா முகத்தில் ரொம்ப நாள் கழித்துப் பல் தெரிந்தது.

அப்புறம் வந்தான் ஒரு ஹாஸ்டல் பையன். கான்ட்ரா கேஸட் கேட்டான். தலைப்புப் படம் வந்ததும் மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று ஏதோ மிருதங்கம் வாசிப்பது மாதிரி தட்டினான். மூன்று உயிருக்குப் பதிலாக முப்பது உயிர்! ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் சுட்டுத் தள்ளினான். வெளியில் க்யூ.

"தம்பி, இன்னும் சாகலையா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்த்துக் கேட்டார் அப்பா.

"இன்னும் பதினேழு இருக்கு அண்ணே!"

அந்த மந்திரத்தைக் கண்டுபிடித்தவர் கொனாமி கம்பெனியில் இருந்த கஸுஹிஸா ஹஷிமோட்டோ. 1986-ல் 'க்ரேடியஸ்' என்கிற ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றிக் கொண்டிருந்தார். சோதனை போட அவராலேயே ஆடி முடிக்க முடியவில்லை. அத்தனை கஷ்டம். அதனால் தன் சௌகரியத்துக்கு ஒரு திருட்டு வழி வைத்துக்கொண்டார். எடுக்க மறந்து, அப்படியே கடைக்குப் போய்விட்டது. 1988-ல் கான்ட்ராவிலும் அதே மந்திரம் தொற்றிக்கொண்டு வந்தது. 2020-ல் அவர் காலமான செய்தியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பார். ஆனா என்னை ஒரு வாரம் படுத்தி எடுத்துட்டார்" என்றார்.

மறுநாளே தட்டி மாறியது: 'ஒரு மணி நேரம் 10 ரூபாய்.' முப்பது உயிரோ முந்நூறு உயிரோ, கடிகாரத்துக்குக் கவலையில்லை.

ஆனால் சண்டைக்குப் பஞ்சமில்லை. கான்ட்ராவில் மூன்றாவது கட்டம் அருவி. இரண்டு பேர் சேர்ந்து ஏற வேண்டும். ஒருவன் அவசரமாக மேலே தாவினால் திரையும் கூடவே ஏறும். கீழே நிற்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். எதிரி ஒரு குண்டுகூடப் போட வேண்டாம். எங்கள் கடையில் அந்த அருவியில் முறிந்த நட்புகளை எண்ணினால், கோர்ட்டே தனியாகப் போடலாம்.

பையன்களுக்கு இன்னொரு பழக்கம். கேஸட் ஓடவில்லையா, கழற்றி வாயால் 'உஃப்' என்று ஊதுவது. நானும் மூச்சுப் பிடிக்க ஊதியிருக்கிறேன். ஊதினதால் ஒரு புண்ணியமும் இல்லை. கழற்றி மறுபடி சொருகியதில்தான் பின்கள் சரியாக உட்கார்ந்தன. நம் எச்சில் ஈரம் பட்டுப் பட்டுச் செம்பு துருப்பிடித்ததுதான் மிச்சம். பட்டன் வேலை செய்யாவிட்டால் வைத்தியம் அப்பாவே பார்ப்பார். ரப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பொட்டு தேய்ந்துவிடும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால் இன்னும் ஆறு மாசம் ஓடும். அப்பா சிகரெட் பிடிக்காதவர். காலிப் பெட்டிக்காகப் பெட்டிக்கடை வாசலில் குனிந்து பொறுக்கப் போய், ஊரில் கெட்ட பெயர் வாங்கினதுதான் கண்ட பலன்!

'9999 ஆட்டம்' என்று அட்டையில் போட்டிருந்த கேஸட்டை ஒரு மழை நாளில் உட்கார்ந்து எண்ணினேன். இருபதைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் அதே மேரியோ, வேறு கட்டத்திலிருந்து. அதே கான்ட்ரா, வேறு துப்பாக்கியோடு. தேர்தல் வாக்குறுதி மாதிரி!

*

கரன்ட் கட். இதுதான் பெரிய தலைவலி.

அந்தப் பெட்டிகளில் பாதியில் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. எட்டாவது உலகத்தின் நான்காவது கட்டம் வரைக்கும் ரத்தம் சிந்திப் போனவன், கரன்ட் போனால் ஒண்ணாம் நம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன உலகத்தை மீட்டுத்தர அப்பாவால் முடியாது. போன நிமிஷத்தைத் தரலாமே? அதற்காக ஒரு நோட்டு போட்டார். 'மீதி நோட்டு.'

பெயர் கேட்டால் பையன்கள் கூச்சத்தில் பொய்ப் பெயர் சொல்வார்கள். அதனால் அப்பாவே அடையாளம் எழுதிக்கொள்வார். 'சோடாபுட்டி – 35 நிமிஷம்.' 'இரட்டையரில் குட்டை – 10.' 'சிவப்பு சைக்கிள் – 22.'

இந்தச் சிவப்பு சைக்கிள் விவகாரம் அப்பாவை ரொம்ப நாள் உறுத்தியது. அன்றைக்குக் கரன்ட் போனது; பையன் போனான்; திரும்பி வரவே இல்லை. விசாரித்தால் அவன் அப்பாவுக்கு மாற்றலாகி எந்த ஊருக்கோ போய்விட்டார்களாம். 22 நிமிஷத்துக்கு மூன்று ரூபாய் அறுபத்தேழு காசு. அதைக் கொடுப்பதற்காக ரயில்வே காலனி வரைக்கும் சைக்கிள் மிதித்துப் போய், பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

1995-ல் ஷா வாலஸ் கம்பெனி ஸேகாவோடு ஒப்பந்தம் போட்டு மெகா டிரைவை இந்தியாவில் இறக்கியது. விலை 18,000 ரூபாய்! அப்பா பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டார். "ஆயிரத்து எட்டு நூறு மணி நேரம் ஓடினா அசல் வரும். அதுக்கு ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வாங்கி ஊரைச் சுத்தி வரலாம்." கடைசியில் துபாயிலிருந்து திரும்பியவர் ஒருவர், மகன் படிக்க மாட்டேன் என்கிறான் என்று விற்ற பழைய பெட்டி, நான்கில் ஒரு பங்கு விலையில் வந்து சேர்ந்தது. நீல நிற முள்ளெலி மின்னல் மாதிரி ஓடுவதைப் பார்க்கவே தனிக் கூட்டம். (பார்ப்பதற்குக் காசு வாங்க அப்பாவுக்கு மனசு வரவில்லை.)

ப்ளே ஸ்டேஷன் வந்தது 1999-ல். அதன் ஜாதகமே விசித்திரம். சோனியும் நின்டெண்டோவும் சேர்ந்து சி.டி. போடுகிற பெட்டி செய்வதாக ஏற்பாடு. 1991 ஜூன் மாதம் சிகாகோ கண்காட்சியில் சோனி சபையில் அறிவித்தது. மறுநாளே அதே சிகாகோவில் நின்டெண்டோ, 'நாங்கள் பிலிப்ஸோடு சேருகிறோம்' என்றது! நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வேறு பெண்ணோடு பத்திரிகை அடித்த கதை. கோபத்தில் சோனி தனியாகச் செய்து 1994 டிசம்பரில் விட்டதுதான் ப்ளே ஸ்டேஷன். பத்து கோடிக்கு மேல் விற்றது.

எங்களுடையதற்கு ஒரு வியாதி. சி.டி. படிக்கிற லேசர் கண் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக், சூட்டில் தேய்ந்து கொஞ்சம் இறங்கிவிடும். படம் திக்கித் திணறும். முதல் ரகப் பெட்டிகளில் உலகம் பூரா இருந்த வியாதி. உலகம் பூரா ஒரே மருந்துதான்: பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது! சிரசாசனத்தில் ஜம்மென்று ஓடும். புதுசாக வருகிறவர்கள் "அண்ணே, தலைகீழா வெச்சிருக்கீங்க" என்பார்கள். "அது அப்படித்தான் தம்பி, யோகா பண்ணுது" என்பார் அப்பா.

இதிலெல்லாம் என் பங்கு என்ன? கடை திறந்ததும் பெட்டி ஓடுகிறதா என்று ஆடிப் பார்ப்பது. ஆள் வராத மத்தியானங்களில் ஆடுவது. சுகமாக இரண்டாவது உலகம் தாண்டியிருப்பேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

"எழுந்திருடா, கஸ்டமர்."

அவ்வளவுதான். என் மேரியோவை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு நான் ஸ்டூலுக்குப் போக வேண்டும். அவன் என் கண்ணெதிரே முதல் பள்ளத்திலேயே விழுந்து சாவான். பத்து வருஷத்தில் ஒருநாள்கூட நான் இளவரசியைப் பார்த்ததில்லை. ஒரு தடவை, பதினைந்து வயதில் இருக்கும், ரோஷத்தில் கன்ட்ரோலரை வீசி எறிந்து, "எனக்காக ஒண்ணுகூட வாங்கித் தரலை நீங்க!" என்று கத்தினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்து, ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். அறுந்துதான் இருந்தது. சால்டரிங் அயர்னைச் சொருகினார்.

ஊரில் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. 2003-ல் கடையை மூடினோம். 2006-ல் என் சொந்தச் சம்பளத்தில் ஒரு ப்ளே ஸ்டேஷன் 2 வாங்கினேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் அலுத்துப் போய், சக ஊழியரிடம் விற்றுவிட்டேன்.

*

பெட்டியின் அடியில் அந்த மீதி நோட்டும் இருந்தது.

புரட்டினேன். சோடாபுட்டி, குட்டை, எல்லோரும் இருந்தார்கள். தீர்த்த கணக்குகளின் மேல் கோடு போட்டிருந்தார். சிவப்பு சைக்கிள் மேல் கோடு இல்லை. (ஐயா, இதைப் படிக்க நேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். உங்கள் 22 நிமிஷம் பத்திரமாக இருக்கிறது.)

கடைசியில் ஐந்தாறு பக்கங்கள் தனியாக. மேலே தலைப்பு: 'நம்ம பையன்.'

கீழே வரிசையாக எண்கள். 12. 8. 25. 5. 30. தேதியோடு. ஒவ்வொரு தடவை என்னை எழுப்பியதும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் கன்ட்ரோலரை வீசிய நாளில் '18' என்று போட்டு, அடியில் இரட்டைக் கோடு. கடைசிப் பக்கத்தில் கூட்டல்: 3,140 நிமிஷம். அதாவது ஐம்பத்திரண்டு மணி இருபது நிமிஷம்.

"இது என்னப்பா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மீதி" என்றார். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கப்புறம் எடைக்குப் போடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு பெட்டியை எல்.இ.டி. டி.வி.யில் மாட்டினேன். மூன்றில் ஒன்றுக்கு உயிர் இருந்தது. வாத்து சுடும் ஆட்டத்தை மகள் ஆசையாக எடுத்தாள். எத்தனை தரம் சுட்டாலும் வாத்து சாகவில்லை. நாய் எழுந்து நின்று சிரித்தது. துப்பாக்கி கெட்டுவிட்டது என்றார் அப்பா. கெடவில்லை. விசையை இழுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது. பழைய பிக்சர் ட்யூப் டி.வி. அதைச் சொன்ன நொடியில் காட்டும். புது டி.வி. படத்தைத் திருத்தி அலங்கரித்துக் காட்டுவதற்குள் துப்பாக்கி பொறுமையிழந்துவிடுகிறது. மகள் "போங்கப்பா" என்று எழுந்து போனாள்.

கேஸட்டை மாற்றி மேரியோ போட்டு, நான் உட்கார்ந்தேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு பத்து. ஆரம்பிச்சுக்கோ."

முதல் உலகம் தாண்டினேன். கை மறக்கவில்லை. இரண்டாவது உலகத்தில் தண்ணீருக்குள் நீந்திக் கொண்டிருந்தபோது வாசலில் காலிங் பெல்.

"எழுந்திருடா, கஸ்டமர்!" என்றார் அப்பா, தன்னையறியாமல்.

எழுந்தே விட்டேன் சார்! போய்ப் பார்த்தால் கூரியர் பையன். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் மேரியோவுக்கு நேரம் தீர்ந்து, உயிர் போயிருந்தது. அப்பா மடியில் நோட்டு திறந்திருந்தது. 3,140-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் பொடியாக எழுதிக் கொண்டிருந்தார்: 3,125.